அலமாரி வழியாக மூன்றாம் மாடிக்கு

ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "எல்லாம் நல்லாருக்கு" என்ற ஒரே பதில்தான் வருகிறது. அதனால் கடிதத்தில் கேட்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் இன்னும் இன்ஜினியரிங் மாணவி இல்லை. இது முதல் வருடத்துக்கு முந்தின வருடம். அடித்தள ஆண்டு என்று பெயர். கணிதம், இயற்பியல், வேதியியல், இயந்திரவியல் எல்லாம் இதில் தேறினால்தான் முதல் வருடத்தில் சேர்ப்பார்கள். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். நீங்கள் தெருவில் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

'விளக்கி எழுதுதல்' என்றும் ஒரு பாடம் உண்டு. படித்ததில் ஒன்றை, அதைப் படிக்காத வீட்டு ஆள் ஒருவருக்குக் கடிதத்தில் விளக்க வேண்டும். அவர் பதில் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்து மேடம் மார்க் போடுவார். போனில் விளக்கக் கூடாது. என் வாசகர் நீங்கள்தான்.

இந்த மாதப் பாடம்: சூடுபட்டால் உலோகம் கண்ணாடியைவிட அதிகமாக விரியும். திறக்க வராத ஜாம் பாட்டில் மூடியில் சுடுநீர் ஊற்றினால் மூடி சற்று விரிந்து தளர்ந்துவிடும். புரிகிறதா?

இப்படிக்கு,
உங்கள் மகள்

ஆகஸ்ட் 12

என் செல்ல மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. கடைத்தெருவைக் கண்டால் வலிப்பதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. முழுவதும் புரிந்தது. மிக அருமை. இவ்வளவு தெளிவாக எழுத இந்த உலகத்தில் வேறு யாராலும் முடியாது. நான் பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உனக்கு நூற்றுக்கு நூறு போடலாம். மேடம் அவர்களுக்கு என் வணக்கம்.

தெருவில் நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. நம் சாமான் வண்டியின் பின்பக்கம் 'இன்ஜினியரின் தந்தை' என்று எழுதப் பெயிண்டரைக் கூப்பிட்டது உண்மை. அம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

ஆகஸ்ட் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

பத்துக்கு மூன்று. மேடம் சிவப்பு மையில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "வாசகர் அன்பானவர். பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை."

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தும் காட்டினார். 'இந்த உலகத்தில் வேறு யாராலும்' என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

அப்பா, தயவுசெய்து பாராட்டாதீர்கள். எழுதியதைச் செய்து பாருங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று எழுதுங்கள். அதற்குத்தான் மார்க்.

உங்கள் மகள்

செப்டம்பர் 5

என் செல்ல மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு இத்தனை வருடம் கழித்து மறுபடியும் ஃபெயில். இந்த முறை உன்னையும் சேர்த்து இழுத்துவிட்டேன். இனி நடந்தது மட்டும்.

ஃபிரிட்ஜிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்தேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். மூடி திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் பாட்டில் இரண்டாகிவிட்டது. ஜாம் எல்லாம் வெளியே. அம்மா வந்து பார்த்து, "இது யார் பாடம்?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். "அவ நல்லாத்தான் எழுதியிருப்பா. நீங்க என்ன பண்ணீங்க?" என்றாள்.

என் சந்தேகங்கள்: சுடுநீர் என்றால் எவ்வளவு சூடு? மூடியில் மட்டுமா, பாட்டில் முழுவதுமா? ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலுக்கு இது ஆகுமா? நீ எழுதவில்லை.

இன்னொன்று. உன் கடிதங்களிலும் போனிலும் வேதியியல் வருகிறது, கணிதம் வருகிறது, விடுதிக் குழாயில் தண்ணீர் வராதது வருகிறது. இயந்திரவியலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தால், அவரோடு சண்டை என்று அர்த்தம். என்ன சண்டை?

அன்புடன்,
அப்பா

அக்டோபர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். நலமாக இருக்கிறேன்.

ஜாம் பாட்டிலுக்கு எட்டு மார்க். "இப்போது வாசகர் தெரிகிறார்" என்று மேடம் எழுதினார்.

சண்டை ஒன்றும் இல்லை. இந்த முறை பாடமே இயந்திரவியல்தான். மார்க்கும் இதற்குத்தான் அதிகம். இதையும் பரீட்சையையும் சேர்த்து ஐம்பது வராவிட்டால் முதல் வருடம் கிடையாது. அதனால் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் உங்கள் தொழிலிலிருந்தே உதாரணம் எடுத்திருக்கிறேன்.

இரண்டு பேர் ஓர் அலமாரியைச் சாய்த்து, அடிப்பக்கத்தைப் பிடித்து மாடிப்படியில் ஏற்றுகிறார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவர் அலமாரியை மேல்நோக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பாரத்தில் பெரும்பங்கு அவருக்குத்தான். கீழே இருப்பவர் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். எனவே பலசாலி மேலே நிற்க வேண்டும்.

செய்து பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மகள்

அக்டோபர் 11

என் செல்ல மகளுக்கு,

நலம். நீ நலமா?

உன் கடிதம் வந்த மறுநாளே நல்ல வேலை ஒன்று வந்தது. பல் டாக்டர் ஒருவருக்குத் தேக்கு அலமாரி, மூன்றாம் மாடி. நீ எழுதியபடியே செய்தோம். மேலே நம் வேலையாள் மலை, கீழே நான். அலமாரி இறகு மாதிரி போயிற்று. சந்தேகம் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து அதனால்தான் இப்படி. குப்புறப் படுத்து எழுதுவது கண்ணுக்கு நல்லது என்கிறார்கள். தைலம் வாசனை அடித்தால் அது அம்மாவின் முழங்காலுக்குத் தேய்த்தது.

மலை உன்னை விசாரித்தான். மூன்றாம் மாடியில்தான் இருக்கிறான். எப்படியும் நாளைக்குள் இறங்கிவிடுவான்.

அன்புடன்,
அப்பா

அக்டோபர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன், நலமா?

நம் இரண்டு கடிதங்களையும் மேடம் இயந்திரவியல் சாரிடம் காட்டியிருக்கிறார். சார் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தாராம். மேடம் எழுதியது இது: "மாணவியின் விளக்கம் தலைகீழ். கீழே நிற்பவருக்குத்தான் பாரம் அதிகம். ஆனால் அலமாரி இறகு மாதிரி போயிற்று என்கிறார் வாசகர். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று விசாரித்து, திருத்தி எழுதவும். அதுவரை மார்க் இல்லை."

பொய் சொன்னது நான் இல்லை. தெரியாமல் தவறாக எழுதிவிட்டேன், அவ்வளவுதான். அப்பா, என்ன நடந்தது? மலை அண்ணன் இறங்கிவிட்டாரா?

உங்கள் மகள்

அக்டோபர் 28

என் செல்ல மகளுக்கு,

இந்தத் தடவை நலம் என்று எழுதினால் நம்ப மாட்டாய். முதுகைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

மலை எப்போதும் கீழேதான் நிற்பான். அதற்கு இயற்பியல் காரணம் எதுவும் கிடையாது. அவனுக்குப் பின்னோக்கிப் படி ஏற வராது, அவ்வளவுதான். அன்றைக்கு அவனை மேலே போகச் சொன்னேன்.

"அண்ணே, வழக்கமா நான்தானே கீழே?"

"இன்ஜினியர் சொல்லியிருக்காங்க. மேல போ."

"எந்த இன்ஜினியர்ணே?"

"நம்ம பாப்பாதான்டா."

"பாப்பாவா? அப்போ சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய் நின்றான்.

முதல் மாடி தாண்டும்போதே மேலிருந்து கத்தினான்: "அண்ணே! பாரமே தெரியலண்ணே! பாப்பா கெட்டிக்காரி!" அவனுக்குத் தெரியாத பாரமெல்லாம் எனக்குத் தெரிந்தது. என் எடைக்கு நான் ஒரு நாற்காலி தூக்கவே தகுதி. இருந்தாலும் நீ எழுதியிருக்கிறாயே, இன்னும் இரண்டு படி போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டாம் மாடி தாண்டித் திரும்பும் இடத்தில் என் முதுகு 'கடக்' என்றது. அலமாரி குறுக்கே விழுந்து, இரண்டு சுவருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி சிக்கிக்கொண்டது. மலை மேலே. நான் கீழே. "அண்ணே, உயிரோட இருக்கீங்களா?" என்று அலமாரிக்கு அந்தப் பக்கம் அவன் அழுகிறான்.

அன்று இரவு மலை டாக்டர் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கினான். கடைவாய்ப் பல் ஒன்றையும் பிடுங்கிக்கொண்டான். மறுநாள் தச்சர் வந்து அறுக்க வேண்டும் என்றார். "மாமனார் கொடுத்தது, அறுத்தா நான் வீட்டுக்குள்ள போக முடியாது," என்றார் டாக்டர். கடைசியில் பின்பலகையை மட்டும் கழற்றினோம். இப்போது மூன்றாம் மாடிக்குப் போகிறவர்கள் கதவைத் திறந்து, அலமாரிக்குள் புகுந்து, பின்பக்கமாக வெளியே போகிறார்கள். மலை மட்டும் பக்கவாட்டில் போக வேண்டும். டாக்டர் வீட்டுக்கு எதிரே ஒரு தையல்காரம்மா இருக்கிறார். தைத்து முடித்த துணிகளை அலமாரியின் உள்கம்பியில் தொங்கவிட்டுவிட்டார். வாடிக்கையாளர்கள் வழியிலேயே எடுத்துக்கொண்டு போகிறார்கள். வியாபாரம் நன்றாக நடக்கிறதாம். அலமாரியை அசைக்க விடமாட்டேன் என்கிறார்.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்பாய். ஐம்பது வராவிட்டால் முதல் வருடம் கிடையாது என்று எழுதியிருந்தாய். உனக்காக ஓர் அலமாரியைத் தூக்க என்னால் முடியவில்லை. கடிதத்திலாவது தூக்கிவிடலாமே என்று பார்த்தேன். மேடம் பிடித்துவிட்டார்.

அன்புடன்,
பொய் சொன்ன வாசகர்

கண்ணு, அம்மா எழுதுகிறேன். டாக்டர் தினமும் போன் பண்ணுகிறார். உன் அப்பா என்னை எடுக்கச் சொல்லி, தான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்கிறார். பின்னாலிருந்து அவர் இருமுவது டாக்டருக்குக் கேட்கிறது. சீக்கிரம் ஒரு வழி சொல்லு.

நவம்பர் 3

அன்புள்ள அப்பா, அம்மா,

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம். கை பொறுக்கும் சூடு போதும்.

சண்டை ஒன்றும் இல்லை என்று நான் எழுதியதும் பொய்தான். இயந்திரவியலில் நடந்த இரண்டு தேர்விலும் நான் தேறவில்லை. செப்டம்பர் கடைசியில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். அதனால்தான் கடிதம் தாமதம். அலமாரிப் பாடத்தையும் படம் போட்டுப் பார்க்காமல், மனசுக்குத் தோன்றியதை வைத்து எழுதினேன். 'இறகு மாதிரி போயிற்று' என்று உங்கள் கடிதம் வந்தது. அப்பாவுக்குப் பயன்பட்டிருக்கிறதே, எனக்கும் கொஞ்சம் வருகிறது போல என்று பெட்டியை அவிழ்த்துவிட்டேன்.

மேடம் எழுதியதைப் படித்ததும் மறுபடி கட்டலாம் என்று எடுத்தேன். அதற்குள் உங்கள் நிஜக் கடிதம் வந்துவிட்டது. உங்களை அப்படியே படிக்கட்டில் விட்டுவிட்டு நான் எப்படி வீட்டுக்கு வர முடியும்? வந்தாலும் டாக்டர் கேட்பார்.

நேற்று என் அறைத்தோழியோடு விடுதிக் கட்டிலைப் படியில் ஏற்றிப் பார்த்தேன். ஒருமுறை நான் மேலே, ஒருமுறை அவள் மேலே. வார்டன் வந்துவிட்டார்.

"கட்டிலை எங்கம்மா கொண்டு போறீங்க?"

"மேலயும் கீழயும், மேடம்."

"எதுக்கு?"

"எங்க அப்பாவுக்காக, மேடம்."

அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். தோழிக்குத் தோள் பிடித்துக்கொண்டது. எனக்குப் பாடம் புரிந்துவிட்டது.

திருத்திய விளக்கம்: எந்தப் பொருளின் பாரமும் நேர் கீழ்நோக்கித்தான் இறங்கும். அலமாரி நேராக நிற்கும்போது அந்தப் பாரம் நடுவில் இறங்கும். படியில் சாய்த்து, அடிப்பக்கத்தைப் பிடித்து ஏற்றும்போது, அதன் உடம்பு கீழே நிற்பவர் பக்கம் சாய்கிறது. அதனால் பாரம் இறங்கும் இடமும் அவர் பக்கம் நகர்கிறது. யாருக்கு அருகில் இறங்குகிறதோ அவருக்குத்தான் அதிகம். ஆகவே மலை அண்ணன் கீழே. நீங்கள் மேலே. மேலே நிற்பவருடைய வேலை தூக்குவது இல்லை, வழிகாட்டுவது.

செய்முறை: முதலில் துணிகளை எடுக்கவும். கதவுகளைக் கழற்றவும். சிக்கியதை இழுக்க வேண்டாம். கீழ்ப்பக்கம் நாலு படி இறக்கி, இரண்டாம் மாடியில் நேராக நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு சாய்த்து ஏற்றவும். முதுகு சரியாகும்வரை நீங்கள் ஒரு விரலும் வைக்கக் கூடாது. மேலே வேறு ஆளை நிறுத்தவும்.

நடந்ததை எழுதுங்கள். நடக்காவிட்டாலும் எழுதுங்கள்.

உங்கள் மகள்

நவம்பர் 10

என் செல்ல மகளுக்கு,

நலம். சத்தியமாக நலம். உட்கார்ந்தே எழுதுகிறேன்.

அறிக்கை. மலையைக் கீழே நிறுத்தினேன். மேலே டாக்டரே நின்றார். மாமனார் கொடுத்த அலமாரியை வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்க மாட்டாராம். நான் இரண்டு மாடிக்கும் நடுவில் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரக்க வாசித்தேன். 'மூச்சு வாங்கி' என்று நீ எழுதிய இடத்தில் எல்லோரும் நின்று மூச்சு வாங்கினோம். தையல்காரம்மா துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லா இருந்த வழியக் கெடுக்கறீங்களே," என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

சாய்த்து ஏற்றத் தொடங்கியதும் மலை கீழிருந்து, "அண்ணே, பாரமா இருக்குண்ணே!" என்று அலறினான். இவ்வளவு நல்ல சேதியை நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. "பாப்பா சரியா எழுதிட்டாடா!" என்று கத்தினேன். அலமாரி டாக்டர் வீட்டுக்குள் போய் நின்றது.

குறைகள்: இறகு மாதிரிப் போகவில்லை, அலமாரி மாதிரிதான் போயிற்று. சுவரில் ஒரு கோடு விழுந்தது. ஒரு கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டோம், அது என் தவறு, உன் கடிதத்தின் தவறு இல்லை. எனக்குப் புரியாத இடம் ஒன்று: 'அதன் உடம்பு சாய்கிறது' என்று எழுதியிருக்கிறாய், அங்கே ஒரு படம் இருந்திருந்தால் நான் மூன்று முறை படித்திருக்க வேண்டாம்.

பெட்டி விஷயத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "கட்டுன பெட்டிய அவளே அவுத்துட்டா இல்ல? அப்புறம் என்ன?" என்றாள். அடுத்த தேர்வு எப்போது? தேறினாலும் எழுது, தேறாவிட்டாலும் எழுது.

அன்புடன்,
அப்பா

மே 19

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம். போனில் சொல்லலாமா என்று யோசித்தேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், கடிதத்தில் யாருக்கும் தெரியாது.

தேறிவிட்டேன். இயந்திரவியலில் ஐம்பத்து மூன்று. மற்றதெல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது. முதல் வருடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஜூலையில் வகுப்பு.

பெருமைப்படும்படியான மார்க் இல்லை. தெருவில் எண்ணைச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்

மே 24

என் செல்ல மகளுக்கு,

எல்லோரும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது கடிதத்தில் அழிந்திருந்த இரண்டு எழுத்திலிருந்தே தெரிந்தது. கடிதத்தில் அழுதாலும் தெரியும் கண்ணு. மை கரையும்.

எண்ணைத் தெருவில் சொல்லிவிட்டேன். ஐம்பது கேட்டார்கள், என் மகள் மூன்று கூடவே கொடுத்திருக்கிறாள் என்றேன். மலை கேட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து அழுதான். டாக்டருக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும், "இப்ப என்ன சிக்கிக்கிச்சு?" என்றார்.

அம்மா உன் கடிதத்தை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து,

"ஏங்க, ஜூலையிலதான் முதல் வருஷமா?"

"ஆமா."

"அப்ப இத்தன நாளும் இவ படிச்சது இன்ஜினியரிங் இல்லையா?"

"இல்ல. இனிமேத்தான் ஆரம்பம்."

"இன்னும் எத்தன வருஷம்?"

"நாலு."

என் முதுகை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "முதல்ல சின்னச் சாமானா எழுதச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுத் தைலம் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள்.

நான் தயார். எழுது.

அன்புடன்,
அப்பா